பதில் வரும், பொறுங்கள்!

"உங்க பொண்ணுக்கு ரொம்பத் திமிர், மாமி! 'விளையாட வரியா?'ன்னு கேட்டா வாயையே திறக்க மாட்டேங்கறா!"

அடுத்த வீட்டுச் சிறுமி இப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம் மகள் மேல்தான் வந்தது. உள்ளே இழுத்து வந்து முதுகில் ஒன்று வைத்தேன். 8 வயதுக் குழந்தை. அழுது ஓய்ந்தபின் சொன்னாள்: "சொல்லத்தாம்மா நெனச்சேன். அதுக்குள்ள அவ போயிட்டா."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாலு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவாள். சட்டையில் ஒரு கையை நுழைத்தபடி ஜன்னலைப் பார்த்து நின்றுவிடுவாள். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு தனியாகச் சிரிப்பாள். உறவுக்காரர்கள் 'மந்தம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

குழந்தைகள் மனநல மருத்துவரிடம் போனோம். காது சரியாகக் கேட்கிறதா, ராத்திரி தூங்குகிறாளா, ரத்தசோகை உண்டா என்று முதலில் பார்த்தார். சில விநாடி வெறித்துப் பார்ப்பது ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாமாம், அதற்கும் சோதனை. எதுவும் இல்லை என்றான பிறகே விளக்கினார்.

கவனக் குறைபாடு என்றதும் ஓடி ஆடும் பிள்ளைதான் நம் நினைவுக்கு வருகிறது. அடக்கமாக உட்கார்ந்தபடியே மனம் மட்டும் எங்கோ போய்விடும் குழந்தைகளும் உண்டு. சிலருக்குப் பகற்கனவும் மெதுவான யோசனையும் சேர்ந்திருக்கும். இதற்கு ஆங்கிலத்தில் 'மந்தகதி' என்று பொருள்படும் பெயர் வழங்கி வந்தது. அது மனதைப் புண்படுத்துகிறது என்று 2022-ல் ஆராய்ச்சியாளர் குழு ஒன்று வேறு பெயரைச் சிபாரிசு செய்தது.

துடிப்பான பிள்ளை, தன் முறை வருமுன் புகுந்து சண்டை வாங்கும். மற்றவர்கள் அதை ஒதுக்குவார்கள். இந்தக் குழந்தையோ தானே ஒதுங்கிக்கொள்ளும். பாசமில்லாமல் அல்ல. கேலியும் கண்ஜாடையும் புரிந்து வாய் திறப்பதற்குள் பேச்சு எங்கோ போய்விடுகிறது.

அன்று முதல் நான் கடைப்பிடிப்பவை இவை:

* கிட்டே போய், பெயர் சொல்லி, முகம் பார்த்து, ஒரு சமயத்தில் ஒரே விஷயம் சொல்கிறேன். பிறகு மனதுக்குள் பத்து எண்ணுகிறேன்.
* கும்பலில் தள்ளாமல், ஒரே ஒரு தோழியை வீட்டுக்கு அழைக்கிறேன். முறை வைத்து ஆடும் தாயம், பல்லாங்குழி நல்லது.
* "இரு, யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லப் பழக்கினேன்.
* கதை சொல்லும்போது, "அவன் ஏன் முகத்தைத் திருப்பிண்டான்?" என்று கேட்பேன்.
* கேள்வி கேட்டபின் சற்றுப் பொறுக்கும்படி ஆசிரியையிடம் சொன்னேன்.
* 6 முதல் 12 வயது வரை தினமும் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதில் கண்டிப்பாக இருக்கிறேன்.

சகோதரிகளே, யாரோ சொன்னார்கள் என்று ஞாபகசக்தி டானிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த வீட்டுச் சிறுமியிடமும் ரகசியத்தைச் சொன்னேன்: "கேட்டுட்டு, பத்து எண்ணுடி கண்ணு."

மறுநாள் வாசலில் நின்று, "விளையாட வரியா?" என்று கேட்டுவிட்டு உரக்கவே எண்ண ஆரம்பித்தாள்.

ஏழு என்றபோது என் மகள் சொன்னாள்: "வரேன்!"