வெள்ளிக்கிழமை மனிதன் – 11: முதல் சிங்கிள் சொல்லும் பொய்

போஸ்டர்களைப் பற்றிப் போன வாரம் எழுதினேன். படித்தவர்களில் பாதிப் பேர், "அதை விடுங்க சார், பாட்டு வந்துடுச்சே, கேட்டீங்களா?" என்றார்கள். நியாயம்தான். வரப்போகிற படத்தைப் பற்றிய பேச்சும் பிடித்த பாட்டைப் பற்றிய பேச்சும் நம்மூரில் வேறு வேறு அல்ல. டீக்கடையில் ஒருவர் "படம் எப்படி இருக்கும்?" என்று கேட்டால், "பாட்டு நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். கேட்டவரும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

எனக்கு இதில் நெடுநாளாக ஒரு கட்சி உண்டு. முதலில் விடுகிற பாட்டு படத்தைப் பற்றிப் பொய் சொல்லும். கவுண்ட் டவுன், போஸ்டர், புரோமோ என்று எந்த ஆரவாரமும் இல்லாமல் கடைசியில் வந்து சேருகிற பாட்டுதான் உள்ளே என்ன கதை என்று சொல்லும். 'முதல் சிங்கிள்' என்று கொட்டி முழக்கி ஒன்று வரும்போதெல்லாம் நான் அதை ஒரு தரம் கேட்டுவிட்டு, மூன்றாவதுக்கோ நான்காவதுக்கோ காத்திருப்பேன்.

இந்தக் கட்சிக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தது '3' படம். 2011 நவம்பரில் 'ஒய் திஸ் கொலவெறி டி' வந்தது. பாடியவர் தனுஷ், இசை அனிருத். அனிருத்துக்கு அது முதல் படம். இயக்குநர் ஐஸ்வர்யாவுக்கும் அதுவே முதல் படம். முழுமையடையாத பதிவு ஒன்று இணையத்தில் கசிந்துவிட, உரிய பாட்டை அவசரமாக வெளியிட்டார்கள். அப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர்கள் அதை முணுமுணுத்தார்கள். கல்லூரி விழா, கல்யாண வீடு, கட்சிப் பிரச்சார மேடை என்று அந்தப் பாட்டு ஏறாத இடம் இல்லை.

2012 மார்ச் 30 அன்று படம் வந்தது. தியேட்டருக்குள் போனவர்கள் மனதில், காதலில் தோற்றுக் குடித்துவிட்டுத் தன்னையே கிண்டலடித்துக்கொள்ளும் ஒரு பையனின் கலகலப்பான கதை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. திரையில் இருந்ததோ மனநோயில் சிக்கி, கட்டிய மனைவியிடம்கூட அதைச் சொல்ல முடியாமல் கரைந்துபோகும் ஒருவனின் கதை. இடைவேளைக்குப் பிறகு அரங்கம் எப்படி இறுகிப்போனது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். படம் அப்படியொன்றும் மோசமில்லை என்பது என் எண்ணம். முதல் பாதியின் பள்ளிக்கூடக் காதல் இன்றைக்கும் தாங்குகிறது. ஆனால் ஜனங்கள் வேறொரு படத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள். அதே ஆல்பத்தில் 'போ நீ போ' என்றொரு பாட்டு இருந்ததே, அதை மட்டும் கேட்டுவிட்டுப் போயிருந்தால் யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள்.

இதில் யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது. முதல் பாட்டு எது என்பதைப் பெரும்பாலும் கதை தீர்மானிப்பதில்லை, வியாபாரம் தீர்மானிக்கிறது. ஆடியோ உரிமையை வாங்கியவர்கள் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். தயாரிப்பாளருக்கு வெளிநாட்டு உரிமையும் ஓடிடி உரிமையும் நல்ல விலைக்குப் போக வேண்டும். நாயகனின் பிறந்தநாள் வந்துவிட்டால் ரசிகர்களுக்கு ஏதாவது ஒன்று தந்தாக வேண்டும். ரீல்ஸில் ஆடுவதற்கு அரை நிமிட ஸ்டெப் ஒன்றும் வேண்டும். இத்தனை பேர் எதிர்பார்ப்பையும் சுமக்கிற பாட்டு குத்துப்பாட்டாகத்தான் இருக்கும். அப்பா மகனைப் பார்த்துப் பாடும் பாட்டை வைத்து யார் கவுண்ட் டவுன் போடுவார்கள்?

அப்பா-மகன் என்றதும் 'ஜெயிலர்' வந்துவிடுகிறது. 2023 ஜூலை முதல் வாரத்தில் 'காவாலா' வெளியானது. தமன்னா ஆடிய அந்த ஸ்டெப்பை ஆடாத வயசு இல்லை. ஆகஸ்ட் 10 அன்று படம் வந்தபோது பார்த்தால், அந்தப் பாட்டு கதைக்குள் நடக்கும் ஒரு சினிமா படப்பிடிப்பில் வருகிறது. கிளைக்கதையின் கிளைக்கதை. முத்துவேல் பாண்டியன் என்ற ஓய்வுபெற்ற மனிதனைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. அவனைப் பற்றிச் சொன்னது 'ரத்தமாரே'. பேரனோடும் மகனோடும் ஒரு வீட்டில் வாழும் பெரியவரின் பாட்டு அது. அந்தப் பாட்டை மனதில் வைத்துக்கொண்டு கிளைமாக்ஸைப் பார்த்தவர்களுக்கு, அவர் எடுக்கும் முடிவு எவ்வளவு கனமானது என்று கூடுதலாகப் புரிந்திருக்கும். அதற்கு யாரும் ஸ்டெப் ஆடவில்லை.

'லியோ'வும் இதே கதைதான். விஜய் பிறந்தநாளான ஜூன் 22 அன்று 'நா ரெடி' வந்தது. புகையையும் மதுவையும் கொண்டாடும் வரிகள் என்று எதிர்ப்பு கிளம்பி, விவாதம் அந்தப் பக்கம் போய்விட்டது. அக்டோபரில் வந்த படமோ இமாச்சலில் ஒரு சின்ன ஊரில் காபிக்கடை நடத்திக்கொண்டு, மனைவி மக்களோடு, தான் யார் என்பதையே மறைத்து வாழும் ஒருவனைப் பற்றியது. ரிலீஸுக்குச் சில நாள் முன்னால் சத்தமில்லாமல் வந்த 'அன்பெனும்' பாட்டில் அந்த வீடு முழுசாக இருந்தது. என்னைக் கேட்டால் 'லியோ'வில் முதல் பாதிதான் படம். அந்த முதல் பாதிக்கான டிரெய்லர் 'அன்பெனும்'.

பொய் சொன்னாலும் நான் கைதட்டிய முதல் சிங்கிள்காரர் ஒருவர் உண்டு. 2025-ல் 'கூலி'க்காக வந்த 'மோனிகா'. கண்டிப்பாகச் சொன்னால் அது முதலாவது அல்ல, 'சிக்கிட்டு' முந்திக்கொண்டது. ஆனாலும் ஊர் பேசியது மோனிகாவைத்தான். பூஜா ஹெக்டேவுக்காக எடுத்த பாட்டில் ஊரே பார்த்தது சௌபின் ஷாஹிரை. 'யாருப்பா இந்த மனுஷன், இப்படி ஆடுறாரு!' என்று சிரித்தோம். படத்துக்குப் போனால் அந்த ஆள்தான் நம்மைப் பயமுறுத்துகிறார். சிரிக்கவைத்துவிட்டுக் கத்தியை எடுக்கிற வேலை. திட்டமிட்டுச் செய்தார்களா, தானாக அமைந்ததா என்ற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். படம் நெடுக மற்ற எதையும்விட எனக்குப் பிடித்தது அந்த ஏமாற்றுதான்.

முன்பெல்லாம் இப்படிப் பொய் சொல்ல வாய்ப்பே இல்லை. பாட்டு தவணையில் வராது, மொத்தமாக வரும். கேசட் ஒன்றை வாங்கினால் ஐந்தாறு பாட்டு. குத்தும் சோகமும் தாலாட்டும் ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். ரெக்கார்டிங் கடைக்குப் போய் வெற்றுக் கேசட்டைக் கொடுத்து, சைடு ஏ-யில் புதுப் படம், சைடு பி-யில் நமக்குப் பிடித்த பழசு என்று சீட்டு எழுதிக் கொடுப்போம். "தம்பி, கடைசியில மூணு நிமிஷம் இடம் இருக்கு, என்ன போடட்டும்?" என்று கடைக்காரர் கேட்பார். அந்த மூன்று நிமிடத்துக்கு நாம் சொல்லும் பதிலை வைத்தே நம்மை எடை போட்டுவிடுவார். மரியாதை கூடுவதும் குறைவதும் அந்த ஒரு பாட்டில் இருந்தது.

அதற்கும் முன்னால் பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் விற்கும் மெல்லிய தாள். முதல் பக்கத்தில் கதைச்சுருக்கம் போட்டு, சரியான இடத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்வார்கள். அந்தக் காலத்து டீஸர் என்றால் அதுதான். இல்லாவிட்டால் இலங்கை வானொலி. கே.எஸ். ராஜா 'திரைவிருந்து' நிகழ்ச்சியில் ஒரு படத்தை விளம்பரப்படுத்தும் விதத்தைக் கேட்டவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு குரல், இந்தப் பக்கம் பார்க்காத படத்துக்கு ஆசையைக் கிளப்பியது.

மொத்தமாகக் கேட்டதில் ஒரு விளையாட்டும் இருந்தது. பாட்டுகளை வைத்தே கதையைக் கட்டுவது. 1992-ல் 'ரோஜா' கேசட் வந்தபோது இசையமைத்தவர் முகம்கூட நமக்குத் தெரியாது. துள்ளித் திரியும் கிராமத்துப் பெண்ணின் ஆசை, கல்யாண வீட்டுக் கிண்டல், பனிக்குளிரில் ஒரு காதல், பிரிவு, தேசத்தைப் பற்றி ஒரு பாட்டு. இவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் கிராமத்தில் தொடங்கி எங்கோ தூரத்தில் தவிக்கிற ஒரு பெண்ணின் கதை தெரிந்துவிடும். ஆகஸ்ட் 15 அன்று படம் பார்க்கப் போனவர்களுக்குத் திரையில் ஆச்சரியம் இருந்தது, ஏமாற்றம் இல்லை.

இப்போது தவணை முறை. அதில் ஒரு விபத்து நேர்ந்தால் என்னாகும் என்பதற்கு 'எனை நோக்கி பாயும் தோட்டா'வைத்தான் சொல்ல வேண்டும். 2017 பிறந்ததும் 'மறுவார்த்தை' வந்தது. தாமரை எழுத, சித் ஸ்ரீராம் பாடினார். இசையமைத்தவர் பெயரை கௌதம் மேனன் சொல்லவில்லை, 'மிஸ்டர் எக்ஸ்' என்றார். யார் அந்த எக்ஸ் என்று சண்டை போட்டே சில மாதம் போனது. பிறகு தர்புகா சிவா என்று தெரிந்தது. படம் வந்ததோ 2019 நவம்பர் 29 அன்று. கிட்டத்தட்ட மூன்று வருடம். அந்தப் பாட்டைக் காலர் ட்யூனாக வைத்துக் காதலித்தவர்களுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்திருக்கும். அவரவர் மனதில் அவரவர் எடுத்த படத்தோடு போட்டி போட்டு எந்த இயக்குநர் ஜெயிக்க முடியும்? படத்தில் அந்தப் பாட்டு வந்தபோது, என் பாட்டை இவர்கள் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

'மாஸ்டர்' பாட்டுகளும் காத்திருந்தன. 2020 மார்ச்சில் வந்த 'வாத்தி கம்மிங்' ஊரடங்கு முழுக்க மொட்டைமாடிகளில் ஓடியது. படம் 2021 பொங்கலுக்கு, பாதி இருக்கைகள் காலியாக விடப்பட்ட அரங்குகளில் வந்தது. ஆனால் அந்தத் தாமதம் கெடுக்கவில்லை. பத்து மாதம் வீட்டுக்குள் கிடந்தவர்களுக்குக் கதை இரண்டாம் பட்சம். எல்லோரும் மனப்பாடம் செய்திருந்த பாட்டைக் கூட்டத்தோடு கேட்பதற்கே போனார்கள்.

இன்னொரு வகை, பாட்டு வந்து படத்தில் இல்லாமலே போவது. 2025-ல் மணிரத்னமும் கமலும் 'நாயகன்' வந்து 38 வருடம் கழித்து 'தக் லைஃப்' செய்தார்கள். 'முத்த மழை'யைத் தமிழில் பாடியவர் தீ. பாடல் வெளியீட்டு விழா மேடையில் அவர் இல்லாததால் சின்மயி பாடினார். அன்றிலிருந்து ஊர் இரண்டாகப் பிரிந்தது. சின்மயி கட்சிக்குத்தான் கூட்டம் அதிகம், என் வீட்டிலும் அதே நிலைமை. நான் தீ பக்கம். மேடையில் சின்மயி பாடியது பெரிய அரங்கையே நிரப்பிய பாட்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாட்டில் இருப்பவள் தனியாக இருப்பவள். மூச்சை அடக்கி, எதிரில் யாருமே இல்லாததுபோல் பாடுகிற தீயின் குரல்தான் அவளுக்குப் பொருந்துகிறது. இவ்வளவு வாக்குவாதத்துக்குப் பிறகு ஜூன் 5 அன்று தியேட்டரில் போய் உட்கார்ந்தால் பாட்டையே காணோம்! யார் பாடினால் என்ன என்று இரண்டு கட்சியும் ஒற்றுமையாக வெளியே வந்தது.

எல்லா முதல் பாட்டும் இப்படி என்று சொன்னால் அது அநியாயம். 'மெய்யழகன்' பாட்டுகளை கமல்ஹாசன் குரலில் கேட்டபோதே, சண்டை சச்சரவு இல்லாமல் இரண்டு பேர் ராத்திரி முழுக்கப் பேசப்போகிற படம் என்பது பிடிபட்டுவிட்டது. சொன்னதைத்தான் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட படங்களுக்குக் கவுண்ட் டவுனும் கிடையாது, அதுவும் பொருத்தம்தான்.

சமீப காலமாக லோகேஷ் கனகராஜ் வேறொரு வழி கண்டுபிடித்திருக்கிறார். முன்கூட்டியே விடாத பாட்டுகள்தான் அவர் படங்களில் அதிகம் பேசப்படுகின்றன, காரணம் அவை நம்மிடம் ஏற்கெனவே இருப்பவை. 'கைதி'யில் 'ஜும்பலக்கா', 'விக்ரம்' படத்தில் 'சக்கு சக்கு வத்திக்குச்சி', 'லியோ'வில் 'கரு கரு கருப்பாயி'. தேவா இசையில் 2000-ல் வந்த பாட்டுக்கு 2023-ல் கல்லூரிப் பிள்ளைகள் ஆடினார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் பாட்டு வந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். மலையாளத்து 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' 1991-ன் 'குணா' பாட்டைக் கையிலெடுத்து ஒரு குகைக்குள்ளிருந்து நம்மை அழவைத்தது. நாம் முப்பது வருடமாகக் காதல் பாட்டு என்று கேட்டதை, நண்பனைத் தூக்கி மேலே கொண்டுவருகிற பாட்டாக மாற்றிவிட்டார்கள்.

அடுத்து எந்தப் படத்துக்குக் காத்திருக்கிறாய் என்று கேட்டால் எனக்கு ஒரே பதில்தான், அதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். 'துருவ நட்சத்திரம்'. 2017-ல் டீஸர் வந்தது. ஹாரிஸ் ஜெயராஜ் பாட்டு ஒவ்வொன்றாக வந்தது. 2023 நவம்பர் 24 என்று தேதி குறித்தார்கள், அந்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. 'ஒரு மனம்' கேட்டால் விக்ரம் எந்த ஊர் ரயில் நிலையத்தில், என்ன நிறச் சட்டையில், யாருக்காக நிற்கிறார் என்பதுவரை என்னிடம் முழுப் படமும் தயாராக இருக்கிறது. எடிட்டிங்கூட முடிந்துவிட்டது. கௌதம் மேனன் தன்னுடையதை எப்போது காட்டினாலும் முதல் காட்சிக்கு நான் போவேன், ஒப்பிட்டுப் பார்க்க.