22 அடியா, 28 அடியா? ஃபைபர் படகு வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

டிராக்டர் வாங்கப் போகிறவருக்கு 35 ஹெச்.பி-யா, 50 ஹெச்.பி-யா என்று குழப்பம் வருவதுபோல, படகு வாங்கப் போகிற மீனவருக்கும் ஒரு குழப்பம் உண்டு. 'சின்னப் போட்டா, பெரிய போட்டா?' மயிலாடுதுறை மாவட்டத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் 48 வயது மீனவர் ஒருவர் இந்தக் கேள்வியோடு ஒரு மாதம் அலைந்திருக்கிறார்.

சுனாமிக்குப் பிறகு வந்த அவருடைய 22 அடி ஃபைபர் படகு, ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டே இத்தனை வருடம் ஓடிவிட்டது. இனி தாங்காது. மறுபடியும் 22 அடியே வாங்கி 9.9 ஹெச்.பி அவுட்போர்டு மோட்டார் மாட்டுவதா, 28 அடிக்குப் போய் 25 ஹெச்.பி மாட்டுவதா? கையில் இருப்பது மனைவியின் நகையும், ஏலக்காரர் தருவதாகச் சொன்ன முன்பணமும்தான்.

"பெருசா வாங்கு மச்சான். சின்னதுல போயி நண்டும் பொடிமீனும் புடிச்சா எப்ப கடனை அடைக்கிறது?" என்றார் பக்கத்து ஊரிலிருக்கும் மைத்துனர். அவரிடம் 28 அடி படகு இருக்கிறது. "சரி, ஒரு மாசம் உன் போட்டுல வர்றேன். பார்த்துட்டுச் சொல்றேன்" என்று ஒரு நோட்டோடு ஏறிவிட்டார் இவர். படகு வாங்க நினைக்கும் எவரும் செய்யக்கூடிய நல்ல காரியம் இது. காசும் செலவில்லை.

எரிபொருள் தின்னும் கணக்கு

முதலில் தெரிந்தது எரிபொருள். 9.9 ஹெச்.பி நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினால் மணிக்கு ஏறத்தாழ 4 லிட்டர் குடிக்கும். 25 ஹெச்.பி என்றால் 9 முதல் 10 லிட்டர். ஒரு நாளைக்கு 3 மணி நேரம் மோட்டார் ஓடினால் சின்னதற்கு 12 லிட்டர், பெரியதற்கு 30 லிட்டர் வரை. வித்தியாசம் 18 லிட்டர். வருடத்தில் 200 நாள் கடலுக்குப் போய், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,60,000 ரூபாய்.

"பெரிய மோட்டார் சீக்கிரம் போயிடும், ஓடுற நேரம் குறையுமே?" என்று கேட்பார்கள். போகிற இடம் அதேதான் என்றால் ஓரளவு குறையும். ஆனால், பெரிய படகு வாங்கியவர் யாரும் பழைய இடத்தோடு நிற்பதில்லை. இன்னும் வெளியே போகத்தானே வாங்கினார்! மைத்துனர் படகில் மோட்டார் தினமும் 4 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடியதாக நோட்டு சொல்கிறது. திரும்பி வரும்போது அவசரம் இல்லையென்றால் முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தி ஓட்டுவது நல்லது. கடைசிக் கொஞ்ச வேகத்துக்காகத்தான் மோட்டார் அதிகம் குடிக்கிறது.

நீளம் கொஞ்சம், பாரம் இரண்டு மடங்கு

22-க்கும் 28-க்கும் 6 அடிதானே வித்தியாசம் என்று தோன்றும். அதே வடிவத்தில் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து வளர்ந்தால், கொள்ளளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். எடையும் அதற்கேற்ப ஏறும். துறைமுகத்தில் கட்டிப்போடுகிறவருக்கு இது லாபம் மட்டும்தான். மணலில் இழுத்துப் போடுகிறவருக்கு அப்படி இல்லை.

இவருடைய ஊரில் துறைமுகமும் இல்லை, முகத்துவாரமும் இல்லை. அலையைத் தாண்டி வந்து மணலில்தான் ஏற்ற வேண்டும். 22 அடியை அண்ணன் தம்பிகள் நாலு பேர் சேர்ந்து தள்ளிவிடுவார்கள். 28 அடிக்கு டிராக்டர் வர வேண்டும். டிராக்டர் இன்னொரு படகை இழுத்துக்கொண்டிருந்தால், வெயிலில் மீனோடு காத்திருக்க வேண்டியதுதான்.

ஆள் கணக்கும் உண்டு. சின்னதற்கு இரண்டு, மூன்று பேர் போதும். பெரியதற்கு நான்கைந்து பேர். எரிபொருள், ஐஸ், சாப்பாடு போக மிஞ்சுவதைப் படகுக்கும் வலைக்கும் ஒரு பகுதி, ஆட்களுக்கு ஒரு பகுதி என்று பிரிக்கும்போது (கணக்கு ஊருக்கு ஊர் மாறும்) பங்குக்கு ஆள் கூடுகிறது. மூத்த மகன் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார். இளையவர் மட்டுமே கடலுக்கு வருகிறார். மீதி ஆட்களை முன்பணம் கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும்.

பெரிய படகுக்கென்று நியாயம் இல்லாமல் இல்லை. வஞ்சிரத்துக்கு நீளமாக வலை விட்டு ராத்திரி தங்க, ஐஸ் பெட்டி வைக்க, 28 அடிதான் வசதி. காற்று திடீரென்று மாறினால் உயரமான பக்கச்சுவர் உயிரைக் காப்பாற்றும். 22 அடியில் வலையும் மீனும் அளவுக்கு மீறி ஏற்றினால் தண்ணீர் விளிம்புக்கு வந்துவிடும். கட்டிப்போட இடமும், நம்பிக்கையான நான்கு ஆட்களும் உள்ளவர் தயங்க வேண்டியதில்லை. மைத்துனருக்கு இரண்டுமே இருக்கிறது. அவருடைய படகு முகத்துவாரத்தில் நிற்கிறது.

மனைவி கேட்ட கேள்வி

ஒரு மாதம் முடிந்து நோட்டை விரித்து வைத்தபோது, அதில் இல்லாத ஒன்றைக் கேட்டார் மனைவி. "சின்னப் போட்டு மீனை நான் கூடையில வச்சு வித்துடுவேன். பெரிய போட்டு மீனை யாரு விப்பா?"

ஏலக்காரர்தான். முன்பணம் வாங்கினால் மீன் முழுவதும் அவர் வழியாகத்தான் போக வேண்டும். கமிஷன் பிடித்தது போகத்தான் கைக்கு வரும். கடன் அடையும்வரை வேறு ஆளிடம் கொடுக்க முடியாது. காலையில் கரைக்கு வந்த மீனை அந்தம்மா தெருத்தெருவாக விற்கும்போது கிடைப்பது சில்லறை விலை. அந்த வித்தியாசத்தில்தான் இத்தனை வருடம் வீடு ஓடியிருக்கிறது.

நகையை மட்டும் அடகு வைத்து 22 அடிக்கே முன்பணம் கட்டிவிட்டார். பட்டறைக்காரரிடம் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். ஒன்று, பக்கச்சுவரை 4 அங்குலம் உயர்த்தித் தர வேண்டும். இன்னொன்று, மோட்டார் மாட்டும் பின்பலகையின் உயரம். ஷாஃப்ட் 15 அங்குலம், 20 அங்குலம் என்று வெவ்வேறு அளவில் வரும். மோட்டாரை முடிவு செய்த பிறகே பலகையை அடிக்க வேண்டும். உயரம் தப்பினால் காற்றாடி காற்றை இழுத்து வெறுமனே சுற்றும், அல்லது ஆழத்தில் இழுபட்டு எரிபொருளைத் தின்னும். பாரத்தோடு ஓடும்போது மோட்டார் திணறினால், பிட்ச் குறைந்த காற்றாடிக்கு மாற்றிப் பார்க்கலாம்.

"அடுத்த மாசம் போட்டு வந்துடும். மீன்வளத் துறையில பதிவு பண்ணிட்டுத்தான் தண்ணியில இறக்கணும்" என்கிறார். மைத்துனருக்கு இன்னும் கோபம் தீரவில்லையாம்.