ஏரிக்கரைக் கௌல்

மதுராந்தகத்துக்கு அருகேயுள்ள வேடந்தாங்கல் ஏரி விஸ்தீரணத்தில் மிகச் சிறியது. சுமார் 30 ஹெக்டேர்தான். எனினும் வடகிழக்குப் பருவமழை பெய்து நீர் நிறைந்தவுடன், ஆயிரக்கணக்கான பட்சிகள் இங்கே வந்து திரண்டு, நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, கோடை முற்றும் வரையில் குடியிருந்து செல்கின்றன என்றால், அதற்கு மரமும் நீரும் மட்டுமே காரணமாகா; அவ்வூர்க் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஒரு நியதியும் காரணமாகும்.

கும்பினியார் ஆட்சிக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டு வீழ்த்தக் கண்டு மனம் பொறாத ஊரார், செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டு, வேட்டையைத் தடுக்கும் கௌல் என்னும் உறுதிப்பத்திரம் ஒன்றை 1798-ஆம் ஆண்டில் பெற்றார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். உலகத்தின் முதல் தேசியப் பூங்கா என்று போற்றப்படும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஏற்பட்டதே 1872-இல்தான். அங்கே அரசாங்கம் தானே எல்லை வகுத்தது. இங்கேயோ பாசனக்காரர்கள் அரசாங்கத்தைக் கேட்டு வாங்கினார்கள்.

அவ்வாறு கேட்கத் தூண்டியது ஜீவகாருண்யம் ஒன்றே அன்று. பறவைகள் சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் கழனிகளிலும் இரை தேடித் திரும்பி வந்து, அவற்றின் எச்சம் ஏரிநீரில் கலப்பதால், தழைச்சத்தும் மணிச்சத்தும் செறிந்த அந்நீர் மதகு வழியே வயலில் பாயும்போது எருவையும் உடன் கொண்டு செல்கிறது. பட்சிகள் குடியிருப்புக்குச் செலுத்தும் வாடகை அது. நத்தைகுத்தி நாரையோ கழனியில் மண்டும் நத்தைகளைப் பொறுக்கித் தின்று மேலும் ஓர் உபகாரம் செய்கிறது. சுயநலம் கலந்த தயை என்று இதை இகழ வேண்டியதில்லை; ஜீவனத்தோடு பிணைந்த தர்மமே பஞ்ச காலத்திலும் கைவிடப்படாமல் நிலைக்கிறது.

மரத்தடியில் நீர் தேங்கி நிற்பது கூடுகளுக்கு அகழி போன்ற காவல். காட்டுப் பூனை முதலியவை எளிதில் நெருங்க முடிவதில்லை. அதனால்தான் மழை பொய்த்து ஏரி வறண்டால் பறவைகள் கூடு கட்டத் துணிவதில்லை. வரத்துக் கால்வாயைத் தூர் வாருவதும் இங்கே பட்சி சம்ரட்சணையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

மார்கழி, தை மாதங்களில், மாலை நான்கு மணிக்கு மேல் ஏரிக்கரையிலோ காட்சிக் கோபுரத்திலோ நிற்பவர்கள், கூழைக்கடா தன் பெரிய அலகுப்பையுடன் இறங்குவதையும், பாம்புத்தாரா கழுத்தை மட்டும் நீருக்குமேல் நீட்டி நீந்துவதையும், கரண்டிவாயனும் மஞ்சள்மூக்கு நாரையும் குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதையும், வடதேசங்களிலிருந்து குளிருக்கு அஞ்சி வந்த ஊசிவால் வாத்துகள் மிதப்பதையும் கண்டு களிக்கலாம்.

சட்டமும் காலப்போக்கில் துணைக்கு வந்தது. 1998-இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்தது. இடையே 2020-இல், அவ்வெல்லையை மூன்று கிலோமீட்டராகச் சுருக்கும் யோசனை எழுந்து, பலத்த ஆட்சேபத்துக்குப் பின் கைவிடப்பட்டது. ஆட்சேபித்தவர்களின் வாதம் நியாயமானது: இந்தப் பறவைகள் உறங்குவதுதான் ஏரியில், உண்பதெல்லாம் வெளியே.

ஆதியில் இரு கட்சியாருக்குள் ஏற்பட்ட இந்த உடன்படிக்கையில், வேடிக்கை பார்க்க வரும் நாம் பின்னால் வந்து சேர்ந்த மூன்றாம் கட்சியார். பறவை எரு தருகிறது. குடியானவன் காவல் தருகிறான். நுழைவுச் சீட்டு வாங்கியதோடு நம் கடமை தீர்ந்ததென்று எண்ணலாமா? சிவகங்கைப் பக்கத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கூடு கட்டிய பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்கும் வெடி கொளுத்துவதில்லை. அந்த ஊர்க் குழந்தைகள் செய்யும் தியாகத்தின் முன், கரைமேல் கூச்சலிடாமலும் குப்பை போடாமலும் இரண்டு மணி நேரம் இருப்பது நமக்குப் பெரிய விரதமாகாது. அதற்கும் மேலே ஒன்று உண்டு. வேடந்தாங்கலின் பட்சிகளுக்குச் சோறு போடுவது சுற்றிலுமுள்ள சாமானிய ஏரிகளே ஆதலால், தன் ஊர் ஏரியை ஆக்கிரமிப்புக்கும் சாக்கடைக்கும் இரையாக விட்டுவிட்டு, விடுமுறை நாளில் இங்கே வந்து பறவைகளைக் கண்டு வியப்பவன், தான் வியக்கும் பொருளின் வேரையே அறுப்பவன் ஆகிறான்.