தாத்தாவின் ஃபியட்டுக்கு யார் கே.டி. எடுப்பது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறேன்.)

போன வாரம் டேட்டாபேஸ் மைக்ரேஷன் பத்திப் பேசினோம். இந்த வாரமும் ஒரு மைக்ரேஷன்தான். ஆனா சர்வர் இருக்கிற இடம் திருச்சி அரியமங்கலம், எங்க தாத்தா வீட்டு ஷெட். சர்வரோட பேரு பிரீமியர் பத்மினி. 1979 மாடல்.

2026 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாட்டுப் பொங்கல் அன்னிக்குச் சாயங்காலம் அப்பா என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். "தாத்தாவுக்கு 79 ஆகுது. வண்டியக் குடுத்துடலாம்னு நாங்க சொன்னா சண்டையாகுது. நீ பேசிப் பாரு, உன் பேச்சக் கேப்பாரு."

காரணம் இருக்கு. டிசம்பர்ல ஒரு ராத்திரி தாத்தா காந்தி மார்க்கெட்டிலிருந்து வந்துட்டிருந்தார். பால்பண்ணைக்கு இந்தப் பக்கம், தஞ்சாவூர் ரோடு. அந்த ரோடு தெரிஞ்சவங்களுக்குப் புரியும். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரைக்கும் சர்வீஸ் ரோடு கேட்டு ஊர்க்காரங்க வருஷக்கணக்கா போராடுறாங்க. சர்வீஸ் ரோடு இல்லாததால, பக்கத்துத் தெருவுக்குப் போறவங்ககூட ஹைவேயிலேயே எதிர்ப்பக்கமா வருவாங்க. அப்படி வந்த ஒரு பைக். அதே நேரத்துல தூரத்துல ஒரு லாரியோட ஹை பீம். ரெண்டு செகண்ட் தாத்தாவுக்கு ஒண்ணுமே தெரியல. பைக்ல வந்த பையனுக்கு முழங்கையில சிராய்ப்பு, வண்டிக்கு பம்பர் நசுங்கல். அவ்வளவுதான்.

ஆனா தாத்தா இதை வீட்ல சொல்லல. பம்பரை நிமிர்த்தின மெக்கானிக் சொல்லித்தான் எல்லாருக்கும் தெரிஞ்சது. வீட்ல பயம் வந்தது அதனாலதான்.

பேரு பத்மினி, கூப்பிடுறது ஃபியட்

கார் பத்தித் தெரியாதவங்களுக்குச் சின்ன அறிமுகம். இத்தாலியோட ஃபியட் 1100 காரை பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரிச்சாங்க. 1970களில் ஃபியட்டோட ஒப்பந்தம் முடிஞ்சதும் அதே கார் பிரீமியர் பத்மினி ஆச்சு. சித்தூர் ராணி பத்மினியோட பேரு. எங்க பாட்டி மட்டும் இன்னிக்கும் அது நாட்டியப் பேரொளி பத்மினி பேருன்னுதான் நம்புறாங்க. நாங்களும் திருத்தல.

1089 சிசி எஞ்சின். கார்புரேட்டர். நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக். பவர் ஸ்டியரிங் கிடையாது. கியர் தரையில இருக்காது, ஸ்டியரிங் தண்டுலயே இடது பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும். முன் சீட் பெஞ்ச் மாதிரி ஒரே நீளம்.

தாத்தா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர். 1991ல இதை செகண்ட் ஹேண்டா வாங்கினார். என்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்த வண்டி. இது சென்டிமென்ட் இல்லை மக்களே, டேட்டா. ஏன்னா வீட்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் இப்படி ஒரு டேட்டா இருக்கு. அதனாலதான் முடிவு எடுக்க முடியல.

சட்டம் விக்கச் சொல்லுதா?

அப்பாவோட முதல் வாதம், "பழைய வண்டியெல்லாம் கவர்மென்டே தடை பண்ணிருச்சுல்ல?" இல்லை. 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல்னு நாம கேள்விப்படுறது டெல்லி தலைநகர்ப் பகுதிக்கான தடை. தமிழ்நாட்டுல அப்படி வயசுத் தடை இல்லை. சொந்த உபயோக காருக்கு முதல் பதிவு 15 வருஷம் செல்லும். அப்புறம் ஒவ்வொரு 5 வருஷத்துக்கும் வண்டியைக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும். பசுமை வரியும் கட்டணும்.

செலவு மட்டும் ஏறிட்டே போகுது. 15 வருஷம் தாண்டின காரைப் புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டினதுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆச்சு. எங்க வண்டி 2024ல புதுப்பிச்சது. அடுத்தது 2029.

சித்தப்பாவோட 2029 கனவு

2029ன்னதும் சித்தப்பா எழுந்து நின்னுட்டார். "1979 கூட 50. அன்னிக்கு இது வின்டேஜ். இப்ப வித்தா முட்டாள்தனம்!"

பாதி சரி. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டின, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டியை வின்டேஜ்னு பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். நம்பர்ல 'வி.ஏ.'ன்னு எழுத்து வரும்.

ஆனா அடுத்த வரியை சித்தப்பா படிக்கல. வின்டேஜ்னு பதிஞ்ச வண்டியை தினசரி உபயோகத்துக்கு ரோட்டுல ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு எடுக்கலாம். அதாவது, காந்தி மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போற வண்டி அன்னியோட மியூசியம் பீஸ். தாத்தா இதைக் கேட்டுட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "எதுக்கு?"

நிறுத்தி வச்சா என்ன ஆகும்?

அடுத்து அத்தையோட யோசனை. "விக்கவும் வேணாம், ஓட்டவும் வேணாம். ஷெட்ல அப்படியே இருக்கட்டும்." கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓடாத கார் ஓடுற காரைவிடச் சீக்கிரம் கெடும். பேட்டரி இறங்கும். டயர் ஒரே இடத்துல அழுந்தி வடிவம் மாறும். பிரேக் சிலிண்டர் பிடிச்சுக்கும். வயரை எலி கடிக்கும்.

இப்போ இதோட பெட்ரோலும் சேர்ந்திருக்கு. 2025ல பங்க்ல கிடைக்கிறது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கா டேங்க்ல நின்னா தண்ணி பிரிஞ்சு அடியில தங்கி துரு பிடிக்கும். 1979ல போட்ட ரப்பர் ஹோஸும் சீலும் எத்தனாலை மனசுல வச்சு செஞ்சதில்லை. அதுக்கேத்த ஹோஸா மாத்தி, வாரம் ஒரு தடவையாவது நல்லா சூடாகுற வரைக்கும் ஓட்டினா சமாளிக்கலாம். ஆக, 'சும்மா இருக்கட்டும்'ங்கிறது வண்டியைக் காப்பாத்துறதில்லை. முடிவைத் தள்ளிப்போடுறது மட்டும்தான்.

தாத்தாவோட எஃப்.சி.

இதுவரைக்கும் வண்டியோட வயசைத்தான் பேசினோம். ஓட்டுறவருக்கும் ஒரு எக்ஸ்பைரி தேதி இருக்கு. 55 வயசுக்கு மேல லைசென்ஸ் ஒவ்வொரு தடவையும் 5 வருஷத்துக்குத்தான் குடுப்பாங்க. டாக்டர் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 1ஏ வேணும். தாத்தா 2023ல புதுப்பிச்சார். 2028 வரைக்கும் செல்லும்.

ஆனா பேப்பர்ல செல்லுறதும் ராத்திரி 8 மணிக்கு தஞ்சாவூர் ரோட்ல செல்லுறதும் ஒண்ணு இல்லை. வயசானா கண்மணி சின்னதாகும், லென்ஸ் மங்கும். கண்ணு கூசினா பார்வை திரும்ப வர்றதுக்கு அதிக நேரம் ஆகும். பகல்ல டாக்டர் ரூம்ல எழுத்துப் பலகையை வாசிக்கிறவருக்கே இருட்டுல இந்தப் பிரச்சினை இருக்கலாம். கழுத்து முழுசா திரும்பாது. புது காரா இருந்தா பவர் ஸ்டியரிங், ஏ.பி.எஸ்., நல்ல ஹெட்லைட் எல்லாம் இதுல பாதியை ஈடு கட்டும். 1979 பத்மினி எதையும் ஈடு கட்டாது. ரெண்டு பேரோட முதுமையும் ஒரே ஸ்டியரிங்ல சந்திக்குது.

இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, எக்ஸெல் ஷீட் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பொறுமையா பாத்துட்டு, "எல்லாம் சரியாத்தான்டா போட்டிருக்க. நீ எடுத்துக்கறியா?"ன்னு கேட்டார்.

"தாத்தா, சென்னையில ஃப்ளாட்ல பார்க்கிங் இடமே..."

"அது தெரியும். எடுத்துக்கறியான்னு கேட்டேன்."

நான் பதில் சொல்லல. விக்கக் கூடாதுன்னு சத்தம் போட்ட சித்தப்பாவும் அத்தையும்கூட பதில் சொல்லல.

பஸ் ஃபேக்டர்: ஒண்ணு

நம்ம தொழில்ல 'பஸ் ஃபேக்டர்'னு ஒண்ணு உண்டு. டீம்ல எத்தனை பேர் நாளைக்கு இல்லாமப் போனா புராஜெக்ட் நின்னுடும்ங்கிற எண்ணிக்கை. ஒருத்தர் போனாலே நின்னுடும்னா, டாக்குமென்ட் எழுதாம ஒரே சீனியர் எல்லாத்தையும் தலையில வச்சிருக்கார்னு அர்த்தம். எங்க ஃபியட்டோட பஸ் ஃபேக்டர் ஒண்ணு. காலையில சோக்கை எவ்வளவு இழுக்கணும், இரண்டாவது கியர் ஏன் அடம் பிடிக்கும், ரேடியேட்டர்ல தண்ணி எப்போ பாக்கணும், எல்லாம் அவர் தலையிலதான் இருக்கு.

அப்போ பொன்மலை பத்திக் கேட்டேன். 1928ல திறந்த ஒர்க்‌ஷாப். ஊட்டி மலை ரயிலுக்கான எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சின்களை இப்பவும் பராமரிக்குது. நூறு வருஷத்துக்கு முன்னால சுவிட்சர்லாந்தில் உருவான டிசைன் அது. கடந்த பதினஞ்சு வருஷத்துக்குள்ள அதே வகை எஞ்சின்களைப் புதுசாவே செஞ்சிருக்காங்க. "அது மட்டும் எப்படித் தாத்தா ஓடுது?"

"ஒருத்தன் ரிட்டயர் ஆனா, அவன் பக்கத்துல ரெண்டு வருஷம் நின்னவன் ஒருத்தன் இருப்பான்டா."

நான் சிரிச்சுட்டேன். "அதுக்குப் பேரு கே.டி. தாத்தா." "கேடியா?" "இல்ல தாத்தா, நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்."

அப்போ பின்னால இருந்து ஒரு குரல்: "நான் கத்துக்கறேன்." சித்தப்பா பொண்ணு. என் தங்கச்சி. காட்டூர்ல இருக்கா, திருச்சியிலேயே வேலை, மாருதி நல்லா ஓட்டுவா. இத்தனை நாளா அப்பா, சித்தப்பா, நான்னு ஆம்பளைங்களா உக்காந்து பேசிட்டிருந்தோம். அவகிட்ட யாரும் கேக்கவே இல்ல. தாத்தாவும்தான்.

நாங்க எழுதின நிபந்தனைகள்

'விக்கணுமா வேண்டாமா'ன்னு ஒரே கேள்வியாப் பாத்ததுதான் எங்க தப்பு. உள்ள மூணு கேள்வி இருந்துச்சு: யார் ஓட்டுறது, யார் பாத்துக்கறது, யார் பேர்ல இருக்கிறது. மூணுக்கும் பதில் ஒரே ஆளா இருக்கணும்னு அவசியம் இல்லை, ஒரே நாள்ல மாறணும்னும் இல்லை.

தாத்தா தானே டைரியில எழுதினார். ராத்திரி ஓட்டுறதும் ஹைவேயும் அன்னிக்கே நிறுத்தம். ஞாயிற்றுக்கிழமை காலையில தங்கச்சி ஓட்டுவா, அவர் பக்கத்துல உக்காருவார். 2028ல லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டார். 2029 புதுப்பிப்புக்கு முன்னாடி அவளால முடியலைன்னா, கல்யாணமோ வேலையோ வெளியூர் கொண்டுபோச்சுன்னா, ஓட்டுறதுக்குன்னே கேக்குற ஆளுக்கு விக்கணும். விலை அடுத்த விஷயம். ஃபார்ம் 29, 30ல அவரே கையெழுத்துப் போடுவார். "நான் இருக்கும்போதே"ன்னு கீழ கோடு போட்டிருந்தார். அது முக்கியம். ஓனர் இறந்துட்டா வாரிசு 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிச்சு, 3 மாசத்துக்குள்ள ஃபார்ம் 31ல பேர் மாத்தக் கேக்கணும். துக்க வீட்ல அதை யாரு நினைப்பா? 2021 முதல் ஆர்.சி.யிலேயே நாமினி பேரைப் பதியலாம். அதையும் செய்யப் போறோம்.

முதல் ஞாயிறு நானும் பின் சீட்ல இருந்தேன். பொன்மலை ரயில்வே காலனிப் பக்கம், மரத்தடி ரோடு. அவ பிரேக் அடிக்கும்போதெல்லாம் தாத்தாவோட வலது காலும் தரையை அழுத்துச்சு. ஒரு திருப்பத்துல இரண்டாவது கியர் விழாம கரகரன்னு கத்துச்சு. அவர் கை தானா கியர் பக்கம் போச்சு. பாதியில நிறுத்தி, மடியில வச்சுக்கிட்டார். "கிளட்ச முழுசா மிதிம்மா. மறுபடி போடு."

விழுந்துச்சு.

உங்க வீட்லயும் இப்படி ஒரு வண்டியும் அதுக்கு ஒரு தாத்தாவும் இருந்தா, ரெண்டு தேதியைப் பாருங்க: ஆர்.சி. எப்போ முடியுது, லைசென்ஸ் எப்போ முடியுது. அப்புறம் பக்கத்து சீட்ல போய் உக்காருங்க. அடுத்த வாரம் சந்திப்போம் மக்களே.