எரு எப்போது பழுக்கும்?

கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவந்து படிக்கும் மாணவர் ஒருவர், ஒரு தை மாதத்தில் என்னைத் தேடி வந்தார். "சார், நீங்க சொன்ன மாதிரியே 60 நாள் வெச்சிருந்துதான் எரு எடுத்தோம். அம்மா விட்ட தக்காளி நாத்து அத்தனையும் மஞ்சளாப் போயிடுச்சு" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. ஒரு பருவத்தின் நாற்று போனால் அந்தக் குடும்பத்துக்கு அது சிறு இழப்பு அல்லவே!

சமையலறைக் கழிவை எருவாக்கும் முறையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். 60 நாள் என்ற கணக்கும் என்னுடையதுதான். என் வீட்டுத் தொட்டியில், சித்திரை வைகாசி வெயிலில் கண்ட கணக்கு அது. அதே கணக்கு மலையில் ஏன் பொய்த்தது? வாருங்கள், ஆராய்வோம்.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

காய்கறித் தோலையும் காய்ந்த இலையையும் எருவாக்குபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றின் உடலில் ஏறத்தாழ 8 பங்கு கரிக்கு 1 பங்கு நைட்ரஜன் உண்டு. உடலைக் கட்ட 8 பங்கு கரி போதும். ஆனால் உழைப்பதற்கான ஆற்றலைப் பெற மேலும் 16 பங்கு கரியை எரித்துக் கரியமிலவாயுவாக வெளிவிடுகின்றன. ஆகவே அவற்றுக்கு ஏற்ற உணவில் 24 பங்கு கரிக்கு 1 பங்கு நைட்ரஜன் இருக்க வேண்டும். ஈரமான காய்கறிக் கழிவில் நைட்ரஜன் மிகுதி. காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் நாரில் கரி மிகுதி. இரண்டையும் கலந்து போடச் சொல்வதன் காரணம் இதுவே.

இனி, பாதி வெந்த எருவை மண்ணில் கலந்தால் என்ன ஆகும்? அதில் எரியாத கரி இன்னும் நிறைய இருக்கும். நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்துவதில்லை. தமக்குக் குறையும் நைட்ரஜனைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. வேர் இளைத்த நாற்று இப்போட்டியில் தோற்று, வெளிறி மஞ்சளாகிறது. அரைகுறையாக மட்கும்போது உண்டாகும் அமிலங்களும் அம்மோனியாவும் இளவேரைச் சுடுகின்றன. மலையில் நடந்தது இதுதான்.

மலைக்குத் தனிக் கணக்கு

வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால், இத்தகைய உயிர்வேதி வினைகளின் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். 1,000 மீட்டர் உயரம் ஏறினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. அப்படியானால் சமவெளியைவிட 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலையூரில் சுமார் 5 டிகிரி குறைவு. அத்துடன் நான் எரு எடுத்தது கோடையில். அவர்கள் தொட்டி வைத்ததோ ஐப்பசிக் கடைசியில். பருவத்தால் வரும் வேறுபாட்டையும் சேர்த்தால் 10 டிகிரிக்கும் மேல் ஆகிறது. என் 60 நாள், அவர்களுக்கு 120 நாளுக்குக் குறையாது!

பெரிய குவியல் தன் சூட்டிலேயே வேகும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். உண்மைதான். ஆங்கிலேய அறிவியலர் ஆல்பர்ட் ஹோவார்டும் அவருடைய துணைவர் யஷ்வந்த் வாடும் இந்தூரில் வகுத்து, 1931-இல் நூலாக வெளியிட்ட முறையில், கழிவை அடுக்கிக் குவித்து இடையிடையே புரட்டிவிடுவார்கள். நல்ல குவியலின் நடுவே 55 முதல் 65 டிகிரி வரை சூடேறும். ஆனால் தொட்டிக்கு அந்த வசதி இல்லை. 1 மீட்டர் பக்கமுள்ள கனசதுரக் குவியலில், 1 கன மீட்டர் பருமனுக்கு 6 சதுர மீட்டர் பரப்பு. 30 சென்டிமீட்டர் தொட்டியிலோ, அதே கணக்கில் 20 சதுர மீட்டர் பரப்பு வருகிறது. பரப்பு மிகுந்தால் சூடு வேகமாக வெளியேறும். எனவே சிறு தொட்டி ஊரின் தட்பவெப்பத்தையே நம்பி நிற்கிறது. போதிய சூடு ஏறாததால் நோய்க்கிருமிகளும் சாவதில்லை; நாய், பூனைக் கழிவைத் தொட்டியில் போடலாகாது.

பழுத்ததை அறிவது எப்படி?

நாளை எண்ணாதீர்கள், எருவைக் கேளுங்கள்.

முதலில் கண்ணும் மூக்கும். கருமை கலந்த பழுப்பு நிறம், மழை பெய்த மண்ணின் வாசனை, விரலால் தேய்த்தால் உதிரும் பதம் ஆகியவை நல்ல அடையாளங்கள். போட்ட பொருள் இன்னதென்று தெரிந்தால் இன்னும் ஆகவில்லை என்று பொருள்.

அடுத்து, ஒரு பிடி எருவை ஈரமாக்கி, பாலித்தீன் பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது புளித்த நாற்றமோ, மூக்கைத் துளைக்கும் நெடியோ வந்தால் காத்திருக்க வேண்டும்.

கடைசிச் சோதனைதான் முடிவானது. இரண்டு கொட்டாங்குச்சிகளின் அடியில் துளையிடுங்கள். ஒன்றில் வெறும் மண். மற்றதில் பாதி மண், பாதி எரு. ஒவ்வொன்றிலும் 10 வெந்தயம் விதைத்து, ஒரே அளவு நீர் விட்டு, ஒரே இடத்தில் வையுங்கள். 10 நாள் கழித்து முளைத்தவற்றை எண்ணி, இலை நிறத்தையும் ஒப்பிடுங்கள். எருவில் வளர்ந்தது மண்ணில் வளர்ந்ததற்குக் குறையாமல் இருந்தால் எரு பழுத்துவிட்டது. வெறும் மண் எதற்கு என்கிறீர்களா? முளைக்காவிட்டால் குற்றம் விதையினுடையதா, எருவினுடையதா என்று அதுதான் சாட்சி சொல்லும்.

எடுப்பதும் இடுவதும்

எடுப்பதற்கு நான்கு நாள் முன்பே நீர் தெளிப்பதை நிறுத்துங்கள். நிழலில் சாக்கை விரித்து எருவைக் கூம்பாகக் கொட்டுங்கள். மண்புழு இருந்தால் வெளிச்சத்துக்கு அஞ்சி அடியில் இறங்கிவிடும். மேலே உள்ளதை வழித்தெடுக்கலாம். பிறகு மணல் சலிக்கும் சல்லடையில் சலியுங்கள். மேலே நிற்கும் மாங்கொட்டை, நார், முட்டை ஓட்டை எறிய வேண்டாம். பாலுக்கு உறைமோர் போல, அடுத்த தொட்டிக்கு அதுவே உறை. சலித்ததைக் கடும் வெயிலில் காயவைக்காமல், லேசான ஈரத்துடன் சாக்கில் கட்டி நிழலில் வையுங்கள்.

தொட்டிச் செடிக்கு மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு எரு போதும். வளர்ந்த செடிக்கு மாதம் இரண்டு பிடி, தண்டைத் தொடாமல் இரண்டு விரல் தள்ளி இட்டு மண்ணால் மூடுங்கள். ஊறுகாய், மிஞ்சிய குழம்பு ஆகியவற்றைத் தொட்டியில் சேர்க்காதீர்கள். அவற்றின் உப்பு மட்காமல் எருவிலேயே தங்கி, வேர் நீரை உறிஞ்சுவதைத் தடுக்கும்.

எவ்வளவு கிடைக்கும்? நாளைக்கு அரைக் கிலோ கழிவு என்றால் மாதம் 15 கிலோ. அதில் ஐந்தில் நான்கு பங்கு நீர். மிஞ்சும் 3 கிலோவில் பாதி கரியமிலவாயுவாகப் போனால் 1.5 கிலோ, ஈரத்துடன் எடுத்தால் 3 கிலோ. காய்ந்த இலை சேரச் சேர இது கூடும். வயலுக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுஉரம் பரிந்துரைக்கிறார்கள்; அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 1.25 கிலோ. ஒரு வீட்டின் மாதக் கழிவு, இரண்டு சதுர மீட்டர் கீரைப் பாத்திக்குப் போதும்! யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். நம் எருவிலோ ஏறத்தாழ 1 சதவீதம். ஆயினும் மண்ணைப் பொலபொலப்பாக்கி, நீரைப் பிடித்து வைக்கும் வேலையை யூரியா செய்யாது.

மலையில் மிஞ்சியிருந்த எருவை அந்த அம்மா கொட்டிவிடவில்லை. ஈரம் தெளித்துக் கிளறி, மூடி வைத்தார்கள். சித்திரையில் மாணவர் இரண்டு கொட்டாங்குச்சிகளை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். மண்ணில் எட்டு, எருவில் ஒன்பது. ஆடிப் பட்டத்து நாற்றுக்கு அதே எருவை இட்டார்கள். நாற்று பச்சையாக நின்றது.

இப்போதெல்லாம் எருவுக்கு எத்தனை நாள் என்று யாராவது கேட்டால் நான் எண் சொல்வதில்லை. பத்து வெந்தயத்தை எடுத்துக் கொடுக்கிறேன்.