ஒளிப்பட நூல்களில் மலைநாட்டு வாழ்வு

ஒரு நாட்டு மக்களின் அன்றாட வாழ்வைத் தொலைநாட்டாருக்கு உணர்த்துவதில் ஒளிப்பட நூல்களுக்குத் தனியிடம் உண்டு. இலங்கைத் தோட்டங்களைப் பற்றி ஹென்றி கேவ் 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கோல்டன் டிப்ஸ்’ என்னும் நூலும், ஆர்னோல்ட் ரைட் பதிப்பித்து 1907இல் லண்டனில் வெளிவந்த பெருநூலும் குறிப்பிடத்தக்கன. ரைட்டின் நூலில் துரைமார் பெயரோடும் வரலாற்றோடும் திகழ்கின்றனர். கொழுந்தெடுக்கும் பெண்களோ தேயிலைச் சரிவின் அழகுக்கு அழகு சேர்ப்போராகவே அமைகின்றனர்.

இதற்குக் காரணம் யாது? லயன் அறையின் இருள் அக்காலக் கண்ணாடித் தகட்டுக்கு எளிதில் அகப்படாது என்பது ஒன்று. நூலை வாங்குவோரும் தேயிலையை வாங்குவோரும் மேனாட்டாரே என்பது அதனினும் பெரிது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்புக்குச் சான்று கேட்டபோது, படங்களில் நிறைந்திருந்த அம்மக்களுட் பலரிடம் காட்டுதற்குரிய ஆவணம் இல்லை. பெயரற்ற படம் சான்றாகாது.

லுணுகலை முதலிய ஊவாத் தோட்டங்களில், சாமி படங்களுக்கு அருகே மாட்டப்பட்ட குடும்பப் படங்களின் சிறப்பு இங்கேதான் விளங்கும். அவற்றில் உள்ளோரின் பெயரும் உறவும் வீட்டு முதியோருக்குத் தெரியும். அவர்கள் வாழுங்காலத்திலேயே அவற்றைக் கேட்டு எழுதித் தொகுத்தால், மலைநாட்டு மக்கள் தம் வாழ்வைத் தாமே கூறும் நூல் உருவாகும்.