உலை கொதிக்கும் முன் ஒரு கைப்பிடி

மிசோரம் மலைகளில் உள்ள பிரஸ்பிட்டேரியன் சபை வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சமையலுக்கு அரிசி அளந்த கையோடு, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் இப்படித்தான். சேர்ந்த அரிசியைச் சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய் வாங்கி வருவார்கள். சபை அதை விற்று ஊழியச் செலவுக்கு வைத்துக்கொள்ளும். 'புஃபாய் தாம்' என்று பெயர். காஞ்சிப் பெரியவரின் பிடியரிசித் திட்டத்தைக் கேள்விப்பட்டவர்களுக்கு உடனே புரியும்.

இது தொடங்கிய ஆண்டு 1910. மிஷனெரிகள் அந்த மலைக்கு வந்து குடியேறிப் பதினாறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மறு வருடமே மூங்கில் பூத்தது. எலிகள் பெருகி விளைச்சலைத் தின்று தீர்த்தன. 1912 வரை பஞ்சம். அப்படிப்பட்ட மண்ணில் முளைத்த வழக்கம் இது.

கிறிஸ்தவ அறம் என்றதும் நமக்கு இரத்தசாட்சிகளும் துறவிகளும்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், நற்பண்பைப் பழக்கத்தின் வகையில் சேர்த்தார். சில பண்புகள் கடவுள் அருள்பவை, மற்றவை செய்யச் செய்யப் படிபவை என்றார். இந்த இரண்டாவது வகையை அடுப்படியில் கண்ணால் பார்க்கலாம். பிள்ளைகள் பசியோடு காத்திருக்கும் நேரத்தில், வெளியார் யாரும் பார்க்காதபோது, தன் வீட்டுப் பங்குக்கு முன்பே பிறர் பங்கு பிரிகிறது. பிள்ளை ஞானோபதேசம் படிப்பதற்கு முன்பே அம்மாவின் கையைப் பார்த்துவிடுகிறது. மூட்டையில் கலந்தபின் எந்தப் பிடி யாருடையது என்று யாருக்கும் தெரியாது. காணிக்கைப் பட்டியலைப் பெயர் சொல்லி வாசிக்கும் ஆலயங்களை அறிந்த எனக்கு, இதில் மிகப் பிடித்தது இதுதான்.

சுவிசேஷம் வெறும் நிலத்திலும் விழவில்லை. தன்னைப் பின்னால் வைத்துப் பிறரை முன்னால் வைக்கும் நெறி மிசோ மக்களிடம் முன்பே வேரோடியிருந்தது. இன்றும் ஐஸால் போகும் நெடுஞ்சாலையோரம் ஆளில்லாக் கடைகள் இருக்கின்றன: காய்கறி, விலை எழுதிய அட்டை, காசு போட ஒரு டப்பா.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்தப் பெண்களின் அரிசியால் தூர தேசங்களுக்கு ஊழியர்களை அனுப்பிய சபை, பல்லாண்டுகளாகப் பெண்களுக்குப் போதகர் அபிஷேகம் தரவில்லை. இத்தனை காலம் கொடுத்த கைகளுக்கு அந்த உரிமையை மறுக்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.